கபடி ஜெர்சியில் 14 பிக்சல் லோகோ: வீடியோவில் தேடிப் பிடித்த அனுபவம்

கபடி ஆட்டக்காரரின் நெஞ்சில் இருக்கிற லோகோ ஏறத்தாழ 12 செ.மீ. அகலம். எதிரே நின்று பார்த்தால் பளிச்சென்று தெரியும். அதையே வீடியோவுக்குக் கணக்குப் போட்டால் நிலைமை வேறு. ஆண்கள் கபடித் தளம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். பக்கவாட்டில் கேமராவை வைத்து, இரண்டு ஓரமும் கொஞ்சம் இடம் விட்டுப் படம் பிடித்தால் ஃப்ரேமுக்குள் சுமார் 16 மீட்டர் அடங்கும். 1920 பிக்சலை 16 மீட்டருக்குப் பங்கிட்டால் மீட்டருக்கு 120 பிக்சல். 12 செ.மீ. லோகோவுக்கு விழும் பங்கு வெறும் 14 பிக்சல். ஆள் சற்றுத் திரும்பி நின்றால் அதுவும் 9, 10 என்று சுருங்கிவிடும்.

அந்த 14 பிக்சலைக் கணினியை வைத்துத் தேடிப் பிடித்து, ஒரு போட்டி முழுக்க எந்தக் கடையின் லோகோ எவ்வளவு நேரம் தெரிந்தது என்று கணக்கெடுத்தோம். அந்த வேலையைப் பற்றிய பதிவு இது.

தூத்துக்குடிப் பக்கம் இரவு நேரக் கபடிப் போட்டிகளை யூடியூபில் நேரலை செய்கிற நண்பர் ஒருவர் இருக்கிறார். இந்தப் போட்டிகள் நடப்பதே உள்ளூர்க் கடைக்காரர்கள் தருகிற பணத்தில்தான். உரக்கடை, டைல்ஸ் கடை, பேக்கரி என்று ஆளுக்கொரு தொகை. ஒருவர் பெயர் ஜெர்சியின் நெஞ்சில், ஒருவர் பெயர் முதுகில், மற்றவர்கள் பெயர் தளத்தைச் சுற்றிக் கட்டிய ஃபிளெக்ஸ் போர்டுகளில். உரக்கடை அண்ணாச்சிதான் கேட்டார்: "போர்டு நல்லாத் தெரியுது தம்பி, அதுல குறையில்ல. சட்டையில போட்டோமே, அது டிவில எவ்வளவு நேரம் தெரிஞ்சிருக்கும்?" பெரிய லீக் போட்டிகளுக்கு இதைக் கணக்கெடுத்துக் கொடுக்கவே தனி நிறுவனங்கள் இருக்கின்றன. ஊர்ப் போட்டிக்கு அந்த வசதி எட்டாது. ஆனால் காசு கொடுக்கிறவருக்குப் பதில் தெரியவேண்டியது இரண்டு இடத்திலும் ஒன்றுதானே. "பார்த்துச் சொல்றேன் அண்ணாச்சி" என்று ஒத்துக்கொண்டேன்.

எந்த ஃபைலில் தேடுவது

முதல் வேலை, யூடியூபிலிருந்து இறக்கிய வீடியோவைத் தொடாமல் இருப்பது. நாம் அனுப்புகிற நேரலையை யூடியூப் மறுபடி சுருக்கித்தான் காட்டும். ஏற்கெனவே நொடிக்கு 4,500 கிலோபிட் அளவுக்குச் சுருக்கி அனுப்பியதை இன்னொரு முறை சுருக்கினால் சிறிய எழுத்துகள்தான் முதலில் அடிபடும். நேரலைக்கு ஓபிஎஸ் என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள், அனுப்புவது ஒரு தரத்திலும் தங்கள் கணினியில் பதிவது அதைவிட உயர்ந்த தரத்திலும் இருக்கும்படி வைத்துக்கொள்ளலாம். அதைவிட நல்லது, கேமராவின் மெமரி கார்டில் இருக்கிற மூல ஃபைல். நண்பரிடம் அது இருந்தது.

எச்.264 என்ற வீடியோ சுருக்க முறை எங்கே சிக்கனம் பிடிக்கிறது என்று தெரிந்துகொண்டால் இந்த அவசரம் புரியும். அசையாத போர்டும் தரையும் முந்தைய ஃப்ரேமிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளப்படும். வேகமாக அசைகிற உடம்புக்குத்தான் புதிதாகத் தகவல் தேவை. பிட் பற்றாக்குறை வரும்போது அந்தத் தகவல்தான் மழுங்கடிக்கப்படும். நாம் தேடுகிற லோகோவோ எப்போதும் அசைகிற உடம்பின் மேல்தான் இருக்கிறது.

14 பிக்சலுக்குள் என்ன இருக்கிறது

ஒரு ஆட்டக்காரரின் நெஞ்சுப் பகுதியை மட்டும் வெட்டி, திரையில் இருபது மடங்கு பெரிதாக்கி வைத்துக்கொண்டு பார்த்தேன். கரும்பச்சை ஜெர்சி. அதில் சிவப்பு எழுத்தில் கடைப் பெயர், பக்கத்தில் வட்டத்துக்குள் நெற்கதிர். ஜெர்சியை நேரில் பார்த்தால் எடுப்பாக இருக்கும். பெரிதாக்கிய படத்தில் பச்சைக்குள் பழுப்பாக ஒரு கறை. எழுத்தின் ஓரம் எங்கே தொடங்குகிறது என்றே சொல்ல முடியவில்லை.

காரணம் கேமராவின் தரம் அல்ல. நாம் பார்க்கிற வீடியோ அநேகமாக எல்லாமே 4:2:0 முறையில் சேமிக்கப்படுகிறது. வெளிச்ச அளவு ஒவ்வொரு பிக்சலுக்கும் உண்டு. நிறத் தகவல் மட்டும் கிடையாகப் பாதி, செங்குத்தாகப் பாதி. அதாவது 14 பிக்சல் லோகோவுக்குக் குறுக்காக 7 நிறப் புள்ளிகள்தான். வெளிச்ச வேறுபாடாவது இருக்கிறதா என்று பார்த்தால், எச்டி வீடியோவில் வெளிச்ச அளவைக் கணக்கிடும்போது சிவப்புக்கு 0.2126, பச்சைக்கு 0.7152, நீலத்துக்கு 0.0722 என்ற பங்கு. முழுச் சிவப்பு 255 என்றால் அதன் வெளிச்ச அளவு 54. ஜெர்சியின் கரும்பச்சை 76 என்று வைத்துக்கொண்டால் அதற்கும் 54. இரண்டும் ஒன்று! சிவப்பும் பச்சையும் நம் கண்ணுக்கு எதிரெதிர் நிறங்கள். வெளிச்சத் தளத்தில் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. லோகோ முழுக்க அந்த 7 நிறப் புள்ளிகளில்தான் உயிரோடு இருக்கிறது.

எதிரணியின் ஜெர்சி மஞ்சள், அதில் கருநீல எழுத்து. அதே அளவு, அதே தூரம், அதே கேமரா. அது தெளிவாகத் தெரிந்தது. மஞ்சளின் வெளிச்ச அளவு மிக அதிகம், கருநீலத்தினுடையது மிகக் குறைவு. படத்தில் தேடப் பழக்கும் ஏஐ மாடல் ஒன்றைக்கூடத் தொடுவதற்கு முன்பே பாதி விடை இங்கே கிடைத்துவிட்டது. கரும்பச்சை ஜெர்சியில் லோகோவை ஒரு வெள்ளைப் பட்டைமேல் அச்சடித்திருந்தால் அண்ணாச்சி கொடுத்த காசுக்குக் கூடுதல் பலன் கிடைத்திருக்கும்.

அடுத்த எதிரி, அசைவு. பாடி வருகிறவர் வளைந்து ஓடும்போது நொடிக்கு 4 மீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்வோம். ஷட்டர் 1/60 நொடி என்றால் அதற்குள் அவர் 6.7 செ.மீ. நகர்ந்துவிடுவார். நம் கணக்கில் அது 8 பிக்சல். 14 பிக்சல் அகலமுள்ள லோகோ 8 பிக்சல் தூரத்துக்கு இழுபட்டால் அதில் எந்த எழுத்து மிஞ்சும்? சரி, ஷட்டரை 1/250 ஆக்கிவிடலாம் என்றால் ஃபிளட்லைட் விடாது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆகவே பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். வேகமான ஷட்டரில் ஒரு ஃப்ரேம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வரும், நடுவே பட்டை பட்டையாகவும் ஓடும். 1/100 நல்ல சமரசம். இழுபடுவது 5 பிக்சலாகக் குறையும், விளக்கின் துடிப்பும் ஒத்துப்போகும். எங்களிடம் இருந்த வீடியோக்கள் விளக்கின் துடிப்போடு ஒத்துப்போகாத 1/60இல் எடுக்கப்பட்டவை. அதனால் நிறத்தின் வரம்பை வைத்துத் தேடும் எளிய வழி எதுவும் சரிப்படவில்லை. ஒரே ஜெர்சியின் பச்சை ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாறிக்கொண்டே இருந்தது.

பழைய முறைகள் போதுமான இடங்கள்

எல்லாவற்றுக்கும் நியூரல் நெட்வொர்க் வேண்டும் என்று கிடையாது. போர்டுகளுக்கு சிஃப்ட் போதும். படத்தின் தனித்துவமான புள்ளிகளை அடையாளம் காண டேவிட் லோவ் உருவாக்கிய முறை. காப்புரிமை 2020இல் முடிந்ததும் ஓபன்சிவி என்ற படப் பகுப்பாய்வு நிரல் தொகுப்பின் முதன்மைப் பகுதிக்குள்ளேயே வந்துவிட்டது. போர்டின் லோகோ 200 பிக்சலுக்கு மேல் இருக்கிறது, தட்டையாக இருக்கிறது, கேமரா ஸ்டாண்டில் நின்று இடவலமாகத் திரும்புகிறது, அவ்வளவுதான். லோகோவின் மூலப் படத்துக்கும் ஃப்ரேமுக்கும் பொதுவான புள்ளிகளைக் கண்டு, ரான்சாக் என்ற கணக்கு முறையை வைத்துப் பொருந்தாதவற்றைக் கழித்துவிட்டால் போர்டு எங்கே இருக்கிறது, அதில் எவ்வளவு பாகத்தை ஆள் மறைக்கிறார் என்பதெல்லாம் வந்துவிடும். ஸ்கோர் பட்டையில் வரும் லோகோ இன்னும் எளிது. அது திரையில் ஒரே இடத்தில் ஒரே அளவில் வரும். மூலப் படத்தை ஃப்ரேமின்மேல் அப்படியே வைத்து ஒப்பிடும் டெம்ப்ளேட் மேட்சிங் ஒன்றே போதும்.

ஜெர்சிக்கு இவை எதுவும் உதவாது. சிஃப்ட் போலவே புள்ளிகளைப் பொருத்தும் ஓஆர்பி முறை ஒவ்வொரு புள்ளியையும் விவரிக்க, அதைச் சுற்றி 31 பிக்சல் சதுரத்தை எடுத்துக்கொள்கிறது. நம் லோகோவே 14. அந்தச் சதுரத்துக்குள் லோகோவைவிடத் துணியின் சுருக்கமும் கழுத்துப் பட்டியும்தான் அதிகம் இருக்கும். டெம்ப்ளேட் மேட்சிங்கோ துணி மடிந்தவுடன் தோற்றுவிடும். கபடியில் துணி மடியாத நேரம் என்று ஒன்று உண்டா?

மாடலுக்குக் கொடுக்கும்போது பிக்சலை இழக்காதிருப்பது

படத்தில் பொருட்களைக் கண்டுபிடிக்கும் யோலோ என்ற மாடலின் எட்டாம் பதிப்பை எடுத்துக்கொண்டேன். 2023 ஜனவரியில் வெளிவந்தது, ஆவணங்கள் நிறைய, உதவி எளிதாகக் கிடைக்கும். (ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அதன் உரிமம் ஏஜிபிஎல் 3.0. இதை வைத்துச் சேவை நடத்தப் போகிறவர்கள் தங்கள் நிரலையும் திறந்து வைக்கவேண்டும், இல்லையென்றால் தனி உரிமம் வாங்கவேண்டும்.)

அந்த மாடல் இயல்பாகப் படத்தை 640 பிக்சலுக்குச் சுருக்கித்தான் பார்க்கும். 1920 மூன்றில் ஒன்றாகிறது. 14 பிக்சல் லோகோ 5 பிக்சல் ஆகிறது. மாடலின் மிக நுண்ணிய கட்டமே 8 பிக்சலுக்கு ஒன்று. லோகோ முழுதாக ஒரு கட்டத்துக்குள் விழுந்து, சுற்றியிருக்கும் துணியோடு கலந்து காணாமல் போகும். மாடல்களைப் பழக்கவும் சோதிக்கவும் பயன்படும் கோகோ என்ற படத் தொகுப்பில் 32 பிக்சல் சதுரத்துக்குக் குறைவானதையே சிறிய பொருள் என்கிறார்கள். நம்முடையது அதில் பாதிகூட இல்லை. இந்த நிலையில் எவ்வளவு பெரிய மாடலை வைத்தாலும், எத்தனை மணி நேரம் டிரெய்னிங் கொடுத்தாலும் பலன் இல்லை. சுருக்கும்போதே தொலைந்துபோன தகவலை மாடல் எங்கிருந்து எடுக்கும்?

ஒரு வழி, படத்தைத் துண்டுகளாக வெட்டி ஒவ்வொன்றையும் முழு அளவில் பார்ப்பது. சாஹி என்ற நிரல் தொகுப்பு இதைச் சுலபமாக்குகிறது. 1920க்கு 1080 ஃப்ரேமை 640 சதுரங்களாக, ஐந்தில் ஒரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு வெட்டினால் குறுக்கே 4, நெடுக்கே 2, ஆக 8 துண்டுகள். லோகோ 14 பிக்சலாகவே இருக்கும். வேலை செய்கிறது. ஆனால் ஒரு ஃப்ரேமுக்கு எட்டு மடங்கு உழைப்பு. அதில் பாதித் துண்டுகளில் இருப்பது கூட்டமும் கம்பமும் சீரியல் லைட்டும். தப்பான கண்டுபிடிப்புகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வந்தன.

அதனால் இரண்டு படிகளாக மாற்றினேன். முதல் படியில் ஆட்களை மட்டும் தேடுவது. 1.7 மீட்டர் உயர ஆள் ஃப்ரேமில் 200 பிக்சல் இருப்பார். 640க்குச் சுருக்கினாலும் 68 பிக்சல். ஆளைக் கண்டுபிடிக்க அது தாராளம். கோகோவில் பழகிய மாடலே ஆளை அடையாளம் காணும். புதிதாக டிரெய்னிங் வேண்டாம். இரண்டாம் படியில், மூல ஃப்ரேமுக்குத் திரும்பிப் போய், ஒவ்வொருவரின் இடுப்புக்கு மேலே ஒரு மீட்டர் சதுரத்தை, அதாவது 120 பிக்சலை, வெட்டி எடுத்து நான்கு மடங்கு பெரிதாக்கி 480 ஆக்குவது. லோகோ இப்போது 56 பிக்சல். பெரிதாக்குவதால் புதுத் தகவல் எதுவும் சேராது என்பது உண்மைதான். ஆனால் ஒரே கட்டத்துக்குள் நசுங்கிக் கிடந்தது ஏழு கட்டங்களில் பரவுகிறது. மாடலுக்கு வேலை செய்ய இடம் கிடைக்கிறது. தளத்துக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறவர்களைத் தளத்தின் எல்லைக் கோட்டை வைத்து முதலிலேயே ஒதுக்கிவிடலாம். போட்டி நடத்துகிறவர்கள் அதே லோகோ போட்ட பனியனில் சுற்றிக்கொண்டிருப்பார்கள் என்பதால் இது முக்கியம்.

பெரிதாக்கும் இடத்தில் சூப்பர் ரெசல்யூஷன் மாடல்களைப் போடலாமே என்று நண்பர் கேட்டார். படம் அழகாக வரும். ஆனால் அந்த மாடல்கள் இல்லாத விவரத்தை ஊகித்து வரைகிறவை. மங்கலான கறையில் ஒரு எழுத்தை அதுவே உருவாக்கிக் கொடுத்து, அதை நாம் கண்டுபிடித்ததாக எண்ணி, அந்த நொடிக்கு ஒருவர் காசு கொடுப்பது சரியல்ல. அளக்கிற வேலைக்கு அது வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். பக்கத்துப் பிக்சல்களிலிருந்து கணக்கிட்டு நிரப்பும் சாதாரண பைக்யூபிக் முறையிலேயே பெரிதாக்கினேன்.

ஆட்டக்காரர்கள் ஒட்டிக்கொள்ளும்போதுதான் இந்த இரண்டு படி முறை திணறும். பாடி வந்தவரின் காலை ஒருவர் பிடிக்க, இடுப்பை இன்னொருவர் பிடிக்க, நான்கைந்து பேர் மேலே விழுவார்கள். ஆள் தேடும் மாடல் அந்தக் குவியலில் இரண்டு பேரைச் சொல்லும், மூன்று பேரை விட்டுவிடும். ஆட்களைச் சுற்றி அது போடும் பெட்டிகளில் ஒன்றோடொன்று படிகிறவற்றையெல்லாம் சேர்த்து ஒரே பகுதியாக வெட்டி அனுப்பினேன். ஓரளவு தேறியது.

பெட்டி போடும் வேலை

லோகோ எப்படி இருக்கும் என்று மாடலுக்குக் கற்றுக்கொடுக்க, ஃப்ரேம்களில் அதைச் சுற்றி நாமே பெட்டி வரையவேண்டும். நேரம் அதிகம் பிடித்ததும், முடிவை உண்மையில் தீர்மானித்ததும் இதுதான். சிவாட் என்ற கருவியில், சில ஃப்ரேம்களில் மட்டும் பெட்டி போட்டால் இடைப்பட்ட ஃப்ரேம்களுக்கு அதுவே கணித்துப் போட்டுத் தரும். நிற்கிற ஆளுக்கு அது நன்றாக உதவும். ஓடுகிறவருக்கு நெருக்கமான இடைவெளிகளில் நாமே திருத்தவேண்டும்.

சிறிய பொருளில் ஒரு பிக்சல் தவறுக்கு என்ன விலை என்பதற்கு ஒரு கணக்கு. 100 பிக்சல் சதுரப் பெட்டியைக் கிடையாக 2, செங்குத்தாக 2 பிக்சல் தள்ளிப் போட்டால், சரியான பெட்டியோடு அது பொருந்தும் விகிதம் 0.92. கவலையில்லை. 10 பிக்சல் பெட்டியை அதே 2 பிக்சல் தள்ளினால் விகிதம் 0.47. பொதுவாக வைக்கிற 0.5 என்ற வரம்புக்குக் கீழே போய்விட்டது. கண்டுபிடித்தும் கண்டுபிடிக்காததாகவே கணக்காகும். ஆகவே பெட்டி போடும்போது எட்டு மடங்கு பெரிதாக்கி வைத்துத்தான் போட்டேன். மாடலை மதிப்பிடும்போதும் பெட்டி எவ்வளவு கச்சிதம் என்பதைவிட, மையம் சரியான இடத்தில் விழுந்ததா என்பதையே பார்த்தேன். நமக்குத் தேவை லோகோ இருந்ததா இல்லையா என்பதுதான்.

எதற்குப் பெட்டி போடுவது, எதை விடுவது என்று முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டது நல்ல பலன் தந்தது. அந்த ஒரு ஃப்ரேமை மட்டும் காட்டினால் இது எந்தக் கடை என்று ஒருவர் சொல்லிவிடுவாரா? அப்படியென்றால் பெட்டி. முன்பின் ஃப்ரேம்களைப் பார்த்ததால்தான் தெரிகிறது என்றால் "மங்கல்" என்ற குறியோடு பெட்டி. இங்கே இருந்தாகவேண்டும் என்ற ஊகம் மட்டும் என்றால் தொடவே கூடாது. இந்தக் கோட்டைத் தாண்டினால், வெறும் பச்சைத் துணியைப் பார்த்தாலே லோகோ என்று சொல்ல மாடல் கற்றுக்கொண்டுவிடும்.

லோகோக்களோடு "வேறு" என்று ஒரு வகையையும் சேர்த்தேன். அணியின் சின்னம், ஜெர்சி தயாரித்த கம்பெனியின் குட்டிச் சின்னம், முதுகில் இருக்கும் 0, 8, 9 எண்கள் எல்லாம் அதற்குள். நெற்கதிர் வட்டத்தோடு அதிகம் குழப்பிக்கொண்டவை இவைதான். குழப்புகிறவற்றுக்கும் ஒரு பெயர் கொடுத்துவிட்டால் மாடல் அவற்றைத் தனியாகப் பிரித்துக்கொள்கிறது.

டிரெய்னிங்குக்கும் சோதனைக்கும் படங்களைப் பிரித்தது போட்டிவாரியாக. ஒரே வீடியோவின் ஃப்ரேம்களைக் கலைத்துப் பிரித்தால் அடுத்தடுத்த ஃப்ரேம்கள், கிட்டத்தட்ட ஒரே படங்கள், இரண்டு பக்கமும் போய்விடும். மதிப்பெண் அபாரமாக வரும், புது மைதானத்தில் ஒன்றும் தேறாது. வேறு ஊர், வேறு விளக்கு, வேறு இரவில் நடந்த ஆட்டம் ஒன்றைச் சோதனைக்கென்றே முழுதாக ஒதுக்கிவைத்தேன்.

டிரெய்னிங்கில் மாற்றியவை

யோலோ இயல்பாகப் பாதிப் படங்களை இடவலமாகத் திருப்பிப் பார்க்கும். நாய், கார் போன்றவற்றுக்கு அது நல்லது. எழுத்துள்ள லோகோவுக்குக் கூடாது, அதைப் பூஜ்யமாக்கினேன். நான்கு படங்களை ஒட்டிச் சுருக்கும் மொசைக்கையும் வெகுவாகக் குறைத்தேன், ஏற்கெனவே சிறியதை மேலும் சிறிதாக்குவதில் அர்த்தமில்லை. அசைவு மங்கலையும் வெளிச்ச ஏற்ற இறக்கத்தையும் செயற்கையாகச் சேர்த்தேன்.

பேக்கரியின் லோகோ வீடியோக்களில் குறைவாகவே வந்திருந்தது. அதற்குச் செயற்கைப் படங்கள் தயாரித்தேன். ஃபிளெக்ஸ் அடிக்கிற கடையில் கோரல் டிரா ஃபைலாக அசல் லோகோ கிடைத்தது. அதை வெற்று ஜெர்சி தெரிகிற ஃப்ரேம்களில் கோணம் மாற்றி, மடிப்புக்கேற்ப வளைத்து ஒட்டினேன். இப்படி ஒட்டிய படங்கள் சுத்தமாக, கூர்மையாக இருக்கும். அவற்றை அப்படியே கொடுத்தால் கூர்மையான லோகோவை மட்டுமே மாடல் தேடும். அதனால் ஒட்டிய ஃப்ரேம்களை வரிசையாக வைத்து எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் கருவி வழியாக அதே பிட் அளவில், அதே 4:2:0 முறையில் எச்.264 வீடியோவாக்கி, அந்த வீடியோவிலிருந்து ஃப்ரேம்களைத் திரும்ப எடுத்தேன். பச்சையில் சிவப்பு கரைந்த அதே பழுப்புக் கறை இதிலும் வந்தது. மொத்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். சுருக்கத்தின் சேதத்தை நாம் கற்பனையாகச் சேர்ப்பதைவிட, சேதப்படுத்துகிற கருவியிடமே கொடுத்துவிடுவது மேல்.

கூகுளின் கோலாப் இணையச் சேவையில் கிடைக்கும் டி4 ஜிபியு இந்த அளவு வேலைக்குப் போதும். சிறிய மாடலே எடுத்தேன். பெரிய மாடல் வித்தியாசம் பெரிதாகக் காட்டவில்லை.

ஃப்ரேமிலிருந்து நொடிக்கு

ஒரு ஃப்ரேமில் நமக்குக் குழப்பமாக இருப்பது அடுத்த சில ஃப்ரேம்களில் தெளிந்துவிடும். வீடியோ தருகிற பெரிய வசதி இது. ஒரே ஆளை ஃப்ரேமுக்கு ஃப்ரேம் தொடர, 2021இல் வந்த பைட்டிராக் முறை இதற்குப் பொருத்தம். மாடல் உறுதியாகச் சொல்வதை மட்டும் எடுத்துக்கொண்டு தயக்கத்தோடு சொல்வதைத் தூக்கியெறியாமல், தயக்கமானதும் ஏற்கெனவே தொடர்கிற பாதையில் பொருந்தினால் சேர்த்துக்கொள்ளும். நான் தொடர்ந்தது லோகோவை அல்ல, ஆளை. லோகோ வந்து வந்து மறையும், ஆள் மறையமாட்டார். ஓர் ஆளின் பாதையில் அரை நொடிக்குள், அதாவது 15 ஃப்ரேமுக்குள், கிடைக்கும் மதிப்பெண்களைக் கூட்டி முடிவெடுத்தேன். ஒரே ஒரு ஃப்ரேமில் பளிச்சிட்டு மறைந்தால் கணக்கில் இல்லை. நடுவே ஓரிரு ஃப்ரேம் விட்டுப்போனால் இட்டு நிரப்பலாம். கேமரா மாறும் இடத்தில் பாதைகளை அறுத்துவிடவேண்டும், இல்லையென்றால் முந்தைய ஷாட்டின் ஆள் அடுத்த ஷாட்டிலும் தொடர்வார்.

நேரத்தைக் கணக்கிடும்போது ஃப்ரேம் எண்ணை 30ஆல் வகுத்துவிடத் தோன்றும். இரண்டாவது கேமராவாக போனை வைத்திருந்தால் அது சரிவராது. போன்கள் வெளிச்சத்துக்கேற்ப ஃப்ரேம் வேகத்தை மாற்றிக்கொண்டே பதியும். ஒவ்வொரு ஃப்ரேமோடும் இருக்கிற நேரக் குறியை எடுத்துக்கொள்வதுதான் சரி. வீடியோவைத் தொடக்கத்திலிருந்து வரிசையாகவே படியுங்கள். ஓபன்சிவியில் குறிப்பிட்ட ஃப்ரேமுக்குத் தாவுவது மெதுவானது, எப்போதும் துல்லியமாகவும் விழாது. 20 நிமிடப் பாதி இரண்டு என்றால் 72,000 ஃப்ரேம்கள். மூன்றுக்கு ஒன்று பார்த்தாலே போதுமாக இருந்தது.

அப்புறம், எதை ஒரு நொடி என்று எண்ணுவது? ஓர் அணியில் தளத்தில் நிற்பது ஏழு பேர். ஏழு பேர் நெஞ்சிலும் ஒரே லோகோ. ஒரு நொடி எல்லாம் தெரிந்தால் அது ஏழு நொடியா, ஒரு நொடியா? நான் ஒரு நொடி என்றே வைத்தேன். திரையில் குறைந்தது ஒன்றாவது தெரிந்த கடிகார நேரம். எத்தனை ஜெர்சியில் தெரிந்தது என்பதைத் தனிப் பத்தியில் கொடுத்தேன். பெருக்கிக் காட்டினால் எண் பெரிதாக இருக்கும், ஆனால் கடைக்காரர் அதைக் கடிகார நேரம் என்றுதான் புரிந்துகொள்வார்.

இன்னொன்று இதைவிட முக்கியம். 14 பிக்சல் லோகோவை மாடல் கண்டுபிடித்துவிடுகிறது. பார்க்கிறவர் கண்டுபிடிப்பாரா? நேரலையைப் பலரும் பார்ப்பது போனில். போனைப் படுக்கையாக வைத்தால் படம் சுமார் 14 செ.மீ. அகலம். 1920இல் 14 பிக்சல் என்றால் அந்தத் திரையில் ஒரு மில்லிமீட்டர். மாடலுக்கு அது லோகோ, பார்வையாளருக்கு அது ஒரு புள்ளி. எனவே அறிக்கையில் இரண்டு எண்கள் கொடுத்தேன். முதலாவது, லோகோ திரையில் இருந்த நேரம். இரண்டாவது, லோகோ 40 பிக்சலுக்கு மேல், அதாவது போனில் 3 மில்லிமீட்டர் அளவுக்கு வந்து, வாசிக்கக்கூடியதாக இருந்த நேரம். இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி. விளம்பரத்துக்கு உதவுவது இரண்டாவது எண்தான் என்று அண்ணாச்சியிடம் நேராகவே சொன்னேன்.

சரிபார்க்க, போட்டியின் வெவ்வேறு இடங்களிலிருந்து ஒரு நிமிடத் துண்டுகளைக் குலுக்கி எடுத்து, நண்பரும் நானும் தனித்தனியாக உட்கார்ந்து நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் குறித்தோம். குளோசப் ஷாட்டுகளில் மாடலின் கணக்கும் எங்கள் கணக்கும் ஏறக்குறைய ஒன்று. தள்ளி எடுத்த ஷாட்டுகளில் மஞ்சள் ஜெர்சி நன்றாகவும் பச்சை ஜெர்சி சுமாராகவும் பொருந்தின. ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கிடக்கும் நேரத்தை மாடல் பெரும்பாலும் விட்டுவிட்டது. அதில் எங்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை என்பதால் அப்படியே விட்டேன். வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டிய ஜெர்சிதான் இன்னும் தீராத சிக்கல். ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் துணியின் நிறமே கருத்துவிடுகிறது. டிரெய்னிங்கில் இரண்டாம் பாதிப் படங்களைக் கூட்டினால் மேம்படுகிறது என்பது வரை பார்த்திருக்கிறேன்.

அறிக்கையோடு ஒவ்வொரு பத்து நொடிக்கும் ஒரு சிறு படம் வெட்டி, பெட்டி வரைந்து, வரிசையாக ஒட்டிக் கொடுத்தேன். எண்ணை நம்பவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. சந்தேகம் வந்தால் படத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த போட்டிக்குச் சொல்லியிருக்கும் மாற்றங்கள் பெரும்பாலும் நிரலைச் சேர்ந்தவை அல்ல. கரும்பச்சை ஜெர்சியில் லோகோவுக்குப் பின்னால் வெள்ளைப் பட்டை. ஷட்டர் 1/100. பாடுகிறவர் குனிந்தே ஆடுவதால் நெஞ்சு மறைந்துவிடுகிறது; உயரத்தில் கேமரா வைத்தால் தோள்பட்டைக்கு நடுவே, எண்ணுக்கு மேலே இருக்கும் முதுகு லோகோதான் அதிகம் தெரியும், ஆகவே அந்த இடத்துக்கு நெஞ்சைவிடக் கூடுதல் தொகை கேட்கலாம். இரண்டாவது கேமரா பாடுகிறவரை மட்டும் நெருக்கமாகத் தொடரட்டும்: ஃப்ரேமில் 6 மீட்டர் அடங்கினால் மீட்டருக்கு 320 பிக்சல், அதே 12 செ.மீ. லோகோ 38 பிக்சல். அந்த அளவில் வெட்டுவது, பெரிதாக்குவது எதுவும் இல்லாமலே மாடல் பிடித்துவிடும், போனில் பார்க்கிறவர் கண்ணிலும் படும்.